கங்கையில் விட்ட மாத்திரை

"அரை மாத்திரைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? ஊர்ல எவளும் மாத்திரையே சாப்பிட்டதில்லையா? படுத்துக்க உனக்கு ஒரு சாக்கு வேணும், அதுக்கு ஒரு டாக்டர் வேற!"

இது என் நாத்தனார், போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சமையலறை வாசலை அடைத்து நின்றுகொண்டு சொன்னது. நான் ஒரு எழுத்தைக்கூடக் கூட்டவில்லை. அவர் என் கணவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பன்னிரண்டு வருஷமாக மல்லேஸ்வரத்தில் எங்களோடுதான் இருக்கிறார். என் மாத்திரைப் புட்டியை யாரோ இடம் மாற்றி வைத்திருந்தார்கள், அதில் ஆரம்பித்த சண்டை. நானும் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுதினால் இதை யாரும் அச்சில் போடமாட்டார்கள்.

வருஷக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையை விடுவது ஒரு முழுநேர உத்தியோகம். லீவு கிடையாது, பிரமோஷன் கிடையாது, மேலதிகாரிகள் மட்டும் வீடு நிறைய. இதே உத்தியோகத்தில் இருக்கும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் "ரொம்பத்தான் அலட்டிக்கறா" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துவிட்டது. எனக்கு இருப்பது ஒரே ஆசை. இந்த மாத்திரையை முழுக்க விட்டுவிட வேண்டும், அதுவும் உயிரோடு இருந்துகொண்டே விடவேண்டும்.

பாக்குவெட்டி

எனக்கு மூச்சிரைப்பு. இந்த ஊர்ப் பனி ஆரம்பித்தால் மார்பில் பூனை கத்தும். ஒரு வருஷம் மாடிப்படியில் பாதி ஏறி, மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். அப்போது என்னை எழுப்பி நிறுத்தியது இந்த மாத்திரைதான். நன்றி கெட்டவள் இல்லை நான். சாப்பிட ஆரம்பித்த முதல் வாரம் வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன். மூன்று வருஷம் கழித்து ரத்தக் கொதிப்பு ஏறியது, தொட்ட இடமெல்லாம் தோல் கன்றிப் போனது. எங்கள் கன்னட டாக்டர், பட்டாளத்தில் இருந்து வந்தவர், "போதும் அம்மா, இனி இறக்கலாம். ஆனா நிதானா, நிதானா" என்றார். கிட்னியின் மேல் குல்லாய் மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். மாத்திரை அதன் வேலையைச் செய்துகொண்டிருந்ததால் அது தூங்கிவிட்டதாம். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால்தான் மெல்லக் கண் திறக்குமாம். சட்டென்று நிறுத்தினால் ஆளே போய்விடலாம் என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

என் கணவர் சர்க்கார் ஆபீஸில் சூப்பரின்டெண்டெண்ட். டாக்டர் சொன்னதை அன்றே டைப் அடித்து, கார்பன் காப்பி இரண்டு எடுத்து, ஒன்றைச் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார். எந்த வாரம் எத்தனை, எந்த வாரம் முக்கால், எந்த வாரம் அரை எல்லாம் அதில் இருந்தது. மாத்திரையை எப்படி வெட்டுவது என்பது மட்டும் இல்லை. கத்தியால் வெட்டினால் பாதி அடுப்புக்குக் கீழே பறந்தது. கடைசியில் அண்ணியின் பாக்குவெட்டியைக் கேட்டு வாங்கினேன். அது சுத்தமாக வெட்டியது. அண்ணி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொம்பளைங்க பாக்கு நறுக்கிப் பார்த்திருக்கேன். நோயை நறுக்கித் தின்றவளை இந்த வீட்லதான் பார்க்கறேன்."

பூசணிக்காய்

மாத்திரை உள்ளே இருந்த மூன்று வருஷமும் என் முகம் உப்பித் தாம்பாளமாக இருந்தது. கழுத்துக்குப் பின்னால் ஒரு திமில் வேறு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "என்ன சாப்பிடறே? எங்களுக்கும் சொல்லேன்" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அது நெய் இல்லை, நோய் என்று சொன்னால் நம்பவில்லை. நான் படித்த கான்வென்டில் பொய் சொன்னால் முட்டி போட வைப்பார்கள். உண்மை சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதை மட்டும் சொல்லித் தரவில்லை.

குறைக்க ஆரம்பித்து நாலைந்து மாதத்தில் முகம் வற்றியது. தாடை எலும்பு எனக்கும் உண்டு என்பதைக் கண்ணாடியில் பார்த்து எனக்குள் சந்தோஷப்பட்டேன். ஸ்ரீராமபுரத்திலிருந்து பாத்திரம் தேய்க்க வரும் முனியம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வாயில் கை வைத்தாள்: "இன்னாம்மா, இப்பிடி பேஜாராயிட்டீங்க! முன்னாடி பூசணிக்கா மாதிரி எம்மாம் லட்சணமா இருந்தீங்க!"

அட்டவணையில் இல்லாதது

ஒவ்வொரு கால் மாத்திரை குறையும்போதும் உடம்பு ஒரு ரகளை செய்யும். அனுபவித்தவர்களுக்குத் தெரியும். காலையில் எழுந்தால் முட்டி, இடுப்பு, விரல் எல்லாம் யாரோ இரவல் கொடுத்தது மாதிரி இருக்கும். தோசை வாசனை வயிற்றைப் புரட்டும். தலை வாருவதற்குக் கையைத் தூக்கினால் கை தானாகக் கீழே வரும். ஒரு நாள் உப்பு ஜாடியின் மூடி திறக்கவில்லை என்று உட்கார்ந்து அழுதேன். நான் அழுகிற ரகம் இல்லை. என் மாமியார் போனபோதே அழாதவள் என்று இந்தத் தெருவில் எனக்குப் பேர் உண்டு.

டாக்டர் இதெல்லாம் வரும், போகும், ஓய்வு எடுங்கள் என்றார். ஒரு வாரம் மதியம் வரை படுத்தேன். அண்ணி சமைத்தார். தினமும் வாங்கிபாத் என்கிற கத்திரிக்காய்ச் சாதம். கத்திரிக்காய் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமை என் கணவர் சட்டை மாட்டிக்கொண்டே சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு கட்டில் அருகே வந்து, உண்மையிலேயே புரியாதவராகக் கேட்டார்: "சரோஜா, இதுல படுத்துக்கணும்னு எங்கயுமே போடலையே?"

கத்திரிக்காய் பிழைத்தது

எட்டு மாதத்தில் அரை மாத்திரைக்கு வந்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் அண்ணி ஒரு யாத்திரைக் கோஷ்டியோடு காசிக்குப் போனார். காசிக்குப் போனால் பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று என்று கங்கையில் விட்டுவிட்டு வரவேண்டும், பிறகு ஆயுளுக்கும் தொடக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். எதிர்வீட்டு அம்மாள் பாகற்காயை விட்டுவிட்டு வந்து பத்து வருஷமாகப் பெருமை பேசுகிறார். அண்ணி கத்திரிக்காயைத்தான் விடவேண்டியிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வாங்கிபாத்துக்கு வழியனுப்பு விழா நடத்தலாமா என்று என் கணவர்கூடச் சிரித்தார்.

திரும்பி வந்ததும் கங்கைச் சொம்பைச் சாமி அறையில் வைத்தார், எல்லோர் தலையிலும் தெளித்தார், என்னைக் கூப்பிட்டார். போகும்போது என் புட்டியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருக்கிறார். கழுத்தளவு தண்ணீரில் நின்று, எனக்காக, என் பேர் சொல்லி, அதைக் கங்கையில் விட்டுவிட்டாராம். காயில் என்ன விட்டீர்கள் என்று கேட்டேன். "ஒருத்திக்கு ஒண்ணுதானே விட முடியும்? என் பங்கை உனக்குக் கொடுத்துட்டேன்" என்றார். மாத்திரைப் புட்டி அதற்குள் அவர் டிரங்குப் பெட்டிக்குப் போய்விட்டிருந்தது.

கடையில் வேறு வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், நானும் தினமும் கேட்டுக்கொள்கிறேன். பதினொரு வருஷம் இங்கிலீஷில் படித்தவள், பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிடுகிறவள். ஆனால் விட்டதைத் தொட்டால் அது யார் தலையில் விடியும் என்று அண்ணி சொன்னபோது என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் பயந்திருந்தார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு திருட்டு ஆசை. அரைதானே, ஒழிந்தால் ஒழியட்டுமே என்று. இத்தனை நாள் நறுக்கியது எனக்கே அலுத்துவிட்டிருந்தது. டாக்டரிடம் கேட்போமா என்றேன். என் கணவர் அட்டவணையைச் சுவரிலிருந்து உரித்து நாலாக மடித்தார். "அக்கா அவ்வளவு தூரம் போயி செஞ்சிருக்காங்க. முன்கூட்டியே முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோயேன்."

மூன்றாம் நாள்

முதல் நாள் ஒன்றும் இல்லை. அண்ணி கங்கைக்கு நன்றி சொன்னார். இரண்டாம் நாள் வாந்தி. பித்தம் என்று சுக்கு வந்தது. மூன்றாம் நாள் காலை குளியலறைக்குப் போக எழுந்தேன். சுவர் என் பக்கம் வந்தது மட்டும் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது முனியம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு எட்டூருக்குக் கேட்கக் கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் காரில் போட்டுக்கொண்டு போனார்களாம். அப்போது எனக்கு நாடி பிடிபடவே இல்லையாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு கையில் சலைன், இன்னொரு கையில் ஊசி. அந்த ஊசியில் இருந்தது என்ன தெரியுமா? கங்கையில் விட்ட அதே சாமானின் ஒன்றுவிட்ட அண்ணன்தான். டாக்டர் வந்தார். நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார். என் கணவர் கூரையைப் பார்த்தார். அண்ணி மட்டும் நிமிர்ந்து நின்று, கங்கையில் விட்டாச்சு என்றார். அதையாவது மெச்சவேண்டும். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மெதுவாகச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, தன் பட்டாளத் தமிழில் சொன்னார்: "இன்னும் அரை நாள் விட்டிருந்தா, அடுத்த தடவை இந்த அம்மாவையும் கங்கைக்கே கொண்டு போயிருக்கலாம். பானையில."

மறுபடியும் சுவரில்

அரையில் நின்றவளை நாலு மாத்திரைக்கு ஏற்றினார்கள். எட்டு மாதம் நறுக்கியது அத்தனையும் வீண். முகம் மறுபடி தாம்பாளம் ஆனது, முனியம்மா மறுபடி குஷி ஆனாள். என் கணவர் புதிய அட்டவணை அடித்து காலண்டருக்குப் பக்கத்தில் அதே இடத்தில் ஒட்டினார். இம்முறை கடைசி வரியில் "ஓய்வு" என்று ஒரு சொல் சேர்த்திருந்தார். மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன், வேறு எதுவும் வரவில்லை. விட்டதைத் தொட்டும் அவர் தலையில் எதுவும் விடியவில்லை. வழுக்கை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அது முன்பே இருந்தது.

இப்போது புட்டி என் பீரோவில், பீரோச் சாவி என் தாலிச் சங்கிலியில். போன செவ்வாய்க்கிழமை குளிக்கும்போது சங்கிலியைக் கழற்றி வைத்தேன். அந்தக் கால் மணி நேரத்தில்தான் புட்டி இடம் மாறியிருக்கிறது. அண்ணி, தான் தூசி தட்டியதாகச் சொன்னார். எண்ணிப் பார்த்தேன், குறையவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை எண்ணினேன். அதிலிருந்துதான் நான் முதலில் எழுதிய சண்டை.

இரண்டாம் தடவையாக அரை மாத்திரைக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. முட்டி பழையபடி இரவல். நேற்று மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணியே செய்த வாங்கிபாத். கத்திரிக்காய்த் துண்டுகளைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் கடைசிக்கென்று சேர்த்துக்கொண்டிருந்தார். நான் சண்டை போடுகிற குரலில் கேட்கவில்லை. கான்வென்டில் பிரார்த்தனைக்குப் பேசுவோமே, அந்தக் குரலில் கேட்டேன்: "அண்ணி, காசிக்குப் போகவேண்டாம், கங்கை வேண்டாம். நான் இந்த அரையிலிருந்து இறங்கற வரைக்கும், எனக்காக, கத்திரிக்காயை மட்டும் விட்டுப் பார்க்கறீங்களா?"

என் கணவர் மோர் கேட்டார், அண்ணி எழுந்துபோய்க் கொண்டுவந்தார், தட்டின் ஓரத்தில் இருந்த துண்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.