தெருமுனைக்குப் போகாத அலமாரி

தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கிற தெருவில் குடியிருந்தால் துணியிலும் பச்சைத்தோல் நாற்றம் ஏறிவிடும். பாவாடை நாறுகிறது என்று என் மகளைப் பள்ளிக்கூடத்தில் தனியே உட்கார வைத்தார்கள். அதற்காகவே, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஊர் ஆசாரியிடம் ஆலங்காயத்துக் காட்டு மரத்தில் ஓர் அலமாரி செய்யச் சொன்னேன். கதவு இறுக மூடவேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

அலமாரி மாட்டு வண்டியில் வந்தது. வழியெல்லாம் குலுங்கியதில் சட்டம் கோணிக்கொண்டது. ஒரு கதவு தொங்கி, மேல்பக்கம் மற்றதோடு முட்டி, மூடாமல் நின்றது. மற்றவர்கள் வீடு என்றால் ஆசாரி நேரில் போய், அலமாரி நிற்கிற இடத்திலேயே கதவைச் சரிசெய்து கொடுப்பார். எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைக்கமாட்டார். தெருமுனைக்குத் தூக்கி வரச் சொன்னார். தூக்கிப் போனோம். முட்டிய இடத்தை இழைத்தார், கதவு மூடியது. தூக்கி வருகிற குலுக்கலில் சட்டம் மறுபடி கோணி, வீட்டில் கொண்டுவந்து வைத்தால் முட்டியது. மறுபடி தூக்கினோம், மறுபடி இழைத்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கதவு மெலிந்ததுதான் மிச்சம்.

இன்னொரு முறை தூக்கி வரச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலமாரி இனி வாசல் தாண்டாது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஊர் ஆசாரியைப் பகைத்துக்கொள்ளாதே என்றார் அவர். நான் கேட்கவில்லை. தொங்கிய கதவின் கீழ்க்கீலைக் கழற்றி, ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை அதன் பின்னால் வைத்துத் திருகாணியை முடுக்கினேன். பதனிட்ட தோல் நாறாது, அது எங்களுக்குத் தெரியும். கதவு கொஞ்சம் எழும்பியது. இன்னொரு துண்டும் வைத்தேன். இரண்டு கதவும் சத்தமில்லாமல் சேர்ந்தன. சந்தோஷம் தாங்காமல் திறந்து திறந்து மூடினேன்.

செய்தி ஆசாரிக்கு எட்டியது. தெருமுனையில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டுக்காரரும் நானும் போனோம். அவர் நின்றதே எங்கள் ஆட்கள் தைத்த செருப்பில்தான்.

"நான் செஞ்ச கதவுல தோலையா வச்ச? போய்க் கழட்டு."

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன்.

"கதவு நல்லாதான் மூடுது, ஆசாரியாரே. கழட்டியே ஆவணும்னா வூட்டுக்குள்ள வந்து நீங்களே கழட்டுங்க."

சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் கிடந்த தெருவைப் பார்த்தார். திரும்பி நடந்தார். அவர் தலை மறைகிறவரைக்கும் நான் வழிவிட்டே நின்றேன்.