வேல்விழி பாஸ் பண்ணிய வீல்சேர்

வேல்விழிக்கு வாயில் நிற்கிற சொல் ஒன்று உண்டென்றால் அது ரிஜெக்ட். அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறாள். பீஸை மேசையில் பரப்புவாள். கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று ஒரு சுற்று கண்ணை ஓட்டிவிட்டுத் திருப்பிப் போட்டு மறுபடியும் ஓட்டுவாள். விட்டுப்போன ஒரு தையல், கடுகளவு எண்ணெய்க் கறை, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தப்பான பீஸை அவள் தூக்கிப் போடுகிற தோரணையே, தைத்தவள் மூஞ்சியில் எறிகிற மாதிரி இருக்கும். அவள் பாஸ் பண்ணின பெட்டி ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அதை யாரும் மறந்துவிடாமல் நாளுக்கு ஒரு தரம் அவளே சொல்லிவிடுவாள்.

கம்பெனியோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. லைன் வீட்டுக்கு வந்தும் அதே கண்தான். எதிர்வீட்டுக்காரி கட்டின சேலை, வீட்டுச் சொந்தக்காரி பூவாத்தாள் வைத்த குழம்பு, யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் அதில் உள்ள எழுத்துப்பிழை, எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்து உதட்டைச் சுளிப்பாள். ஆனால் அவள் வாழ்க்கையிலேயே அதிகம் ரிஜெக்ட் ஆன ஆள் அவள் புருஷன் ராக்கையாதான். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் பிழைக்க வந்தார்கள். அவள் செக்கிங்கில் பெரிய கையாகிவிட்டாள். அவன் அன்றைக்கும் அயர்ன் மாஸ்டர், இன்றைக்கும் அயர்ன் மாஸ்டர். ஆறடி உயரம் வளர்ந்தவனுக்கு எதிர்த்து ஒரு வார்த்தை பேச வராது. "ஆளு மட்டும் பனைமரம், வாய் கிடையாது" என்று அவன் காதில் விழுகிற மாதிரியே சொல்வாள்.

அப்பேர்ப்பட்ட ராக்கையா காலை முறித்துக்கொண்டதும் ஒரு கௌரவமான காரியத்துக்காக இல்லை. குண்டடத்தில் யாரோ கெடா வெட்டுகிறார்கள் என்று கூட வேலை பார்ப்பவன் கூப்பிட, அவன் வண்டியில் பின்னால் ஏறிப் போனான். கறிச்சோறு தின்றுவிட்டுத் திரும்புகையில் அவிநாசிபாளையம் தாண்டி ஒரு நாய் குறுக்கே வந்தது. வண்டி ஓட்டியவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. ராக்கையாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. "நாய்க்கு ஒண்ணும் ஆகலையே? அது போதும்" என்றாள் வேல்விழி ஆஸ்பத்திரி வாசலில் நின்று.

ஆபரேஷன் செய்து பிளேட் வைத்துக் கட்டுப் போட்டார்கள். டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று. காலைத் தொங்கப் போடக் கூடாது. படுத்தாலும் உட்கார்ந்தாலும் கால் மேலேதான் இருக்க வேண்டும். தொங்கினால் வீக்கம் வடியாது, வீக்கம் வடியாவிட்டால் புண் ஆறாது, புண் சீழ் வைத்தால் பிளேட்டையே எடுக்கும்படி ஆகும். அப்புறம் அந்தக் காலை ஊன்றி நிற்பது சந்தேகம். நாள் முழுக்க நின்று அயர்ன் பண்ணுகிறவனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்?

பூவாத்தாள் நல்ல மனசோடு தன் மாமியார் உட்கார்ந்திருந்த பழைய வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "சும்மாதானுங்க கெடக்குது, வெச்சுக்கங்க." வேல்விழி அதைச் சுற்றிவந்து பார்த்தாள். கால் வைக்கிற தகடு கீழே தொங்கியது. "இதுல உக்காந்தா காலு தொங்குமே. டாக்டர் சொன்னது காதுல விழலையாக்கும்?" என்று அப்படியே திருப்பித் தள்ளினாள். சொன்னது நியாயம்தான், சொன்ன விதத்தில் பூவாத்தாள் மூன்று நாள் அவள் முகத்தில் முழிக்கவில்லை.

டவுனில் ஆத்தப்பனின் சர்ஜிக்கல் கடைக்கு அவள் தனியாகத்தான் போனாள். கால் வைக்கிற பகுதியைத் தூக்கி நிறுத்துகிற மாதிரி சேர் வேண்டும் என்றதும் ஆத்தப்பன் முதலில் கேட்டது சேரைப் பற்றி இல்லை.

"ஆளு ஒசரமுங்களா, கட்டையுங்களா?"

"ஒசரம். ஏன்?"

"அப்ப ஒரு ஆட்டோ வெச்சுக் கூட்டியாந்துருங்கக்கா. உக்கார வெச்சு, காலைத் தூக்கி வெச்சு, பத்து நிமிசம் பாத்துட்டு எடுத்தா நல்லதுங்க. கட்டோட கனம் வேற இருக்குமுங்க."

வேல்விழிக்குச் சிரிப்பு வந்தது. "அந்த ஆளுக்கு என்னண்ணே தெரியும்? சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு வேலைக்கு வர்ற ஆளு. நான் பாக்குறேன், நீங்க எடுங்க."

எடுத்தான். ஒரு மணி நேரம் அந்தக் கடையைப் படுத்தி எடுத்தாள். முதல் சேரில் சீட்டுத் துணியின் ஓரத் தையல் நாலு இடத்தில் விட்டிருந்தது. "கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு தைச்சவனுக்கு?" இரண்டாவதில் கைப்பிடிக்குக் கீழே வெல்டிங் பிசிறு. மூன்றாவதில் பெயின்ட் ஒரு இடத்தில் குமிழி விட்டிருந்தது. நாலாவதைக் குப்புறக் கவிழ்த்து, நிமிர்த்தி, சக்கரத்தைச் சுழற்றி, போல்ட்டை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். லிவரை இழுத்துக் கால்தகட்டைத் தூக்கினாள், அது பூட்டுப் பல்லில் ஒவ்வொன்றாக ஏறியது. நின்றது. கையால் அமுக்கினாள். அப்போதும் நின்றது. "இது பாஸ்" என்றாள். ஆத்தப்பன் வாயைத் திறந்து ஏதோ சொல்லவந்து, எதற்கு வம்பு என்று பில் புத்தகத்தை எடுத்தான். அந்தச் சேரில் ஒரு ஆளும் உட்காரவில்லை. பனியனை அவள் என்றைக்காவது ஒரு உடம்பில் மாட்டிப் பார்த்துப் பாஸ் பண்ணியிருக்கிறாளா? மேசையில் பரப்பிப் பார்ப்பதுதானே பழக்கம். வீல்சேரையும் அப்படியே பார்த்துவிட்டு வந்தாள் மகராசி.

கம்பெனியில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சு. மூன்றைக் கழித்து நாலாவதை எடுத்த கதையைக் கேட்காத ஆளில்லை. "கடைக்காரன் ஆடிப்போயிட்டான்" என்று செக்கிங் டேபிளில் கைகொட்டிச் சிரித்தாள்.

ஆனால் ராத்திரி எட்டரைக்கு வேலை முடிந்து வந்து பார்த்தால் ராக்கையாவின் கால் தாழ்ந்து கிடக்கும். காலையில் தூக்கி வைத்துவிட்டுப் போன கால். "ஏய்யா, எதுக்கு லிவர இழுத்து எறக்குன? சொகமா தொங்கப் போட்டாத்தான் ஒறக்கம் வருதோ?" என்று கேட்பாள். அவன் காலைத் தூக்க வாகாக நகர்ந்து உட்கார்வான். அவளும் தூக்கி வைப்பாள். சோறு பொங்கிவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் தாழ்ந்திருக்கும். "துப்புக்கெட்ட மனுசன். நல்ல சேரு வாங்கிக் குடுத்தாலும் உக்காரத் தெரியணும்ல?"

கட்டுப் பிரித்துப் பார்க்கிற நாள் வந்தது. கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது, தையல் போட்ட இடம் ஈரமாகவே இருந்தது. டாக்டருக்குக் கோபம். "தொங்கப் போடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? இன்னும் பத்து நாள்ல வீக்கம் வடியலைன்னா பிளேட்ட எடுக்கறதத் தவிர வழியில்ல." வேல்விழி அங்கேயே பிடித்துக்கொண்டாள். வரிசையில் உட்கார்ந்திருந்த இருபது பேருக்கும் கேட்கும்படி, அவன் சோம்பேறித்தனத்தை, கறிச்சோற்று ஆசையை, பீடி குடிக்க எழுந்து போகிறானோ என்கிற சந்தேகத்தை, எல்லாவற்றையும் கொட்டினாள். ஒரு கிழவி "பாவம், விடும்மா" என்றாள். ராக்கையா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கு நாலாம் நாள் டையிங் பட்டறையிலிருந்து துணி வரவில்லை என்று மதியமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வேல்விழி வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளினாள்.

ராக்கையா ஜன்னலோரம் வீல்சேரில் உட்கார்ந்திருந்தான். தரை துடைக்க அவள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கட்டிங் வேஸ்ட் துணியை எடுத்து, சிவப்பும் நீலமுமாகப் பின்னிக் கயிறாக்கியிருந்தான்; அதன் ஒரு முனை கால்தகட்டில் கட்டியிருந்தது, மறுமுனை ஜன்னல் கம்பியில். கால் மேலே நின்றது. அவளைப் பார்த்ததும் திருடன் மாதிரி அவசரமாக முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான், கை எட்டவில்லை.

"என்னய்யா கூத்து இது? மாட்டைக் கட்டுன மாதிரி காலைக் கட்டி வச்சிருக்க?"

அவன் மறுபடியும் முடிச்சுக்கு எட்டிப் பார்த்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவளே போய் முடிச்சை வெடுக்கென்று அவிழ்த்தாள். அவிழ்த்த மாத்திரத்தில் கால்தகடு டக்கென்று ஒரு பல் இறங்கியது. கொஞ்சம் நின்றது. இன்னொரு பல் இறங்கியது. ராக்கையாவின் இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன, லிவர் பக்கமே போகவில்லை. அவள் காலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு தகட்டைத் தூக்கிப் பூட்டினாள், மறு கையால் அமுக்கிப் பார்த்தாள், நின்றது. தாங்கிய கையை எடுத்தாள். அவன் நீளக் காலும் கட்டின் கனமும் அழுத்த, கண் முன்னாலேயே மறுபடி ஒவ்வொரு பல்லாக நழுவி இறங்கியது.

"எத்தன நாளா இப்படி?"

"வந்த அன்னைலருந்தே."

"அதுவாவா எறங்குது? நீ எறக்கலையா?"

"நான் எங்க எறக்குனேன்? மொத வாரம் கையால தூக்கித் தூக்கி விட்டேன். கை அசந்துபோச்சு. ஆஸ்பத்திரி போயிட்டு வந்தப்புறந்தான் இந்தக் கயிறு. பூவாத்தாள் அம்மாதான் கட்டி விடுவாங்க, நீ வர்றதுக்குள்ள அவங்களையே கூப்பிட்டு அவுத்துருவேன்."

"அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது! ஏய்யா, வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"நீ பாத்துப் பாத்து எடுத்துட்டு வந்தது. கம்பெனி பூரா சொல்லி வச்சிருக்க."

"அதுக்காக? ஆஸ்பத்திரில அந்தப் பேச்சுப் பேசுனேனே, அங்கயாச்சும் சொல்லித் தொலைஞ்சிருக்கலாம்ல?"

ராக்கையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அத்தன பேரு முன்னால எப்படி புள்ள சொல்றது? உனக்கு அசிங்கமாப் போயிரும்ல."

வேல்விழிக்குத் தூ என்று வாயில் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ பேர் மேல் துப்பிய வாய், இப்போது யார் மேல் துப்புவதென்று தெரியாமல் நின்றது. தரையில் உட்கார்ந்தாள். இறங்கிக்கொண்டிருந்த காலை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். இத்தனை கனமா? பத்து நிமிஷம் பிடிப்பதற்குள் தோள் விட்டுப்போனது. இதை அவன் ஒரு வாரம் தனியாகத் தூக்கியிருக்கிறான், அவள் வாயில் விழுவதைவிட இது மேல் என்று. அழுகையோடு தன் மேலேயே அப்படி ஒரு ஆத்திரமும் வந்தது. கண்ணாம் கண்ணு, பெரிய கண்ணு.

காலை நீட்டி உட்கார வசதியான ஆட்டோ ஒன்றைப் பூவாத்தாள்தான் பிடித்துக் கொடுத்தாள், மறுநாள் காலையில். ஆத்தப்பன் சேரையும் ஆளையும் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டான். "பல்லு தாங்கலீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"தாங்கல. நீங்க சொன்னீங்க, நாந்தான் கேக்கல. காலி சேரப் பாத்துட்டுப் போயிட்டேன், தப்பு என்னோடது" என்றாள் வேல்விழி. கடையில் வேறு நாலு பேர் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தவில்லை. ராக்கையா அவளை அண்ணாந்து பார்த்தான்.

ஒவ்வொரு சேராக அவனை உட்கார வைத்தார்கள். சீட்டுத் தையலை அவள் பார்க்கவே இல்லை, பெயின்ட்டையும் பார்க்கவில்லை. முதல் சேரில் கெண்டைக்கால் வைக்கிற மெத்தை புண்ணுக்கு நேராக வந்தது. அவன் எச்சில் விழுங்குவதைப் பார்த்து அவளே வேண்டாமென்றாள். இரண்டாவதில் குதிகால் தகட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் பல்லுக்குப் பதிலாகத் துளையில் இரும்பு ஊசி செருகிப் பூட்டுகிற மாதிரி இருந்தது, கால் வைத்த இடத்தில் நின்றது. கால் மணி நேரம் ஆயிற்று, இறங்கவில்லை. ஆத்தப்பன் திருப்தியாகத் தலையாட்டினான்.

வேல்விழி குனிந்து ராக்கையாவின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தாள். "எப்படி இருக்கு?"

"போதும் புள்ள. இதுவே போதும்."

"போதும்னா? நெசமாவே நல்லா இருக்கா, இல்ல எனக்குப் பயந்துக்கிட்டுச் சொல்றியா?"

ராக்கையா சேரின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான், எந்தப் பதிலைச் சொன்னால் வீட்டுக்குப் போய் வம்பில்லை என்று தேடுகிறவன் மாதிரி.

அவள் நிமிர்ந்து ஆத்தப்பனைப் பார்த்தாள்.

"அடுத்தத எடுங்கண்ணே."