சர்க்கரைத் தண்ணீரும் இரும்புத் தடியும்

எங்கள் ஊர்ச் சந்தையில் பூங்கெங்கின் கடையை யாரும் விசாரித்துத் தேட வேண்டியதில்லை. சத்தமே வழி சொல்லிவிடும். மாட்டுத் தொடைக்கறியைப் பலகையில் போட்டு, கைக்கொரு இரும்புத் தடியாகப் பிடித்து, கூழாகும்வரை அடிப்பான். அப்புறம்தான் அது உருண்டையாகிக் கொதிக்கும் குழம்புக்குப் போகும். அவன் அடிப்பதைப் பார்த்தவர்கள் இரண்டடி தள்ளியே நிற்பார்கள். அதற்கு அவசியமே இல்லை; கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிறவன் அவன். தள்ளி நிற்க வேண்டியது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி சுய்ஹியாங்கிடம்தான்.

தராசில் விரல் வைத்தவன், இடுப்பில் கை வைத்தவன், சொந்த மைத்துனன், ஒரு முறை, தவறுதலாக, ஒரு போலீஸ்காரர் என்று அவளிடம் அடி வாங்கியவர்கள் பல ரகம். எல்லோரும் மறுபடியும் அவளிடமே வந்து உருண்டை வாங்கினார்கள். போலீஸ்காரரும்தான்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, சர்க்கரைத் தண்ணீர் குடித்து, பிறகு மணிக்கொரு தரமாக இன்னும் இரண்டு முறை ரத்தம் கொடுக்க வேண்டும்.

"நல்லா இருக்கறவளுக்கு எதுக்கு ஊசி? புள்ளத்தாச்சி ரத்தத்த உறிஞ்சி வித்துடுவானுங்க" என்றாள் மாமியார்.

மாமியாரோடு எதிலுமே ஒத்துப்போகாத சுய்ஹியாங் இந்த ஒன்றில் ஒத்துப்போனாள். பரிசோதனைக்குப் போகவில்லை.

வயிறு வளர்ந்தது. "கன்னுக்குட்டியாடி பெத்துக்கப் போற?" என்று மீன்காரி கேட்டாள். கேட்டவள் அடி வாங்காமல் போனாள் என்பதிலிருந்து சுய்ஹியாங் அதை வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டாள் என்று தெரிந்துகொள்ளலாம்.

பிரசவ மேசையில் தலை வந்தது, தோள் வரவில்லை. நர்ஸ் கிம் அவள் தொடைகளை மார்போடு மடக்கினாள். இன்னொருத்தி முஷ்டியால் அடிவயிற்றை அழுத்தினாள். கிழித்தார்கள், திருப்பினார்கள், இழுத்தார்கள். கடைசியில் கிம் கையை உள்ளே விட்டுப் பிள்ளையின் காறையெலும்பை ஒடித்தாள். ஒடித்தால்தான் தோள் குறுகும். அது கொலை இல்லை, வைத்தியம். ஆனால் எலும்பு ஒடியும் சத்தம் இன்னதென்று சுய்ஹியாங்குக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கசாப்புக்காரர் மகள். பிள்ளை நீலமாக வந்தது. அழவே இல்லை.

பிரசவித்தவள் வாசல் தாண்டக் கூடாத மாதம் முடிந்ததும் அவள் பூங்கெங்கின் தடிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கிம் மேசையில் கையை ஊன்றி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே வீச்சு. வலது கையில் மூன்று விரல்கள். மறுபடியும் அதே சத்தம்.

சந்தை அவள் பக்கம் நின்றது. அவள் சிறையில் இருந்த காலத்தில் வியாபாரம் கூடியது. ஆனால் விசாரணையில் ஒரு டாக்டர் எழுந்து, பிள்ளை அப்படிப் பெருத்தது தாயின் ரத்தத்தில் ஏறிய சர்க்கரையால், பரிசோதித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரை அடித்திருக்க வேண்டும் என்பது சுய்ஹியாங்குக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ஆளைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அந்த ஆள் சுய்ஹியாங்கின் செருப்பையே போட்டுக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள்.

அவள் விடுதலையாகி வந்து, இரண்டாவது பிள்ளை உண்டானதும் மாமியார், வீட்டிலிருந்த சர்க்கரை, மிட்டாய், பழம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, வேளைக்கு மூன்று கிண்ணம் வெள்ளைக் கஞ்சி ஊற்றினாள். கஞ்சியில் சர்க்கரை ஏது? எங்கள் ஊரில் காய்ச்சலுக்கும் அதுதான், துக்கத்துக்கும் அதுதான்.

பரிசோதனைக்குச் சுய்ஹியாங் தனியாகவே போனாள். ரத்தம் எடுக்கும் சன்னலில் கிம் இருந்தாள். மடங்காத விரல்களோடு பிரசவம் பார்க்க முடியாதென்று அங்கே மாற்றியிருந்தார்கள். ஊரில் வேறு ஆஸ்பத்திரி இல்லை.

கிம் முகத்தைப் பார்க்காமல் முதல் குப்பி ரத்தத்தை எடுத்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீரை நீட்டினாள். "குடி. அப்புறம் எந்திரிக்கக் கூடாது, நடக்கக் கூடாது, எதையும் திங்கக் கூடாது. கைகலப்பு கூடவே கூடாது. செஞ்சா கணக்கு தப்பிடும், திரும்ப வரணும்."

"சரிங்கக்கா."

"அக்காவா?" என்றாள் கிம். "அடுத்த ஆள் வாங்க."

கூடம் நிறையக் கர்ப்பிணிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குமட்டலில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கிம்மின் தங்கை லெங். அவள் சுய்ஹியாங்கை வந்தவுடனே பார்த்துவிட்டாள். பார்த்து என்ன செய்ய? அவளும் சர்க்கரைத் தண்ணீர் குடித்திருந்தாள். எழுந்திருக்கக் கூடாது. இருவரும் எதிரெதிர் நாற்காலியில் அசையாமல் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள்.

திடீரென்று லெங் குனிந்து குடித்ததை எல்லாம் தரையில் வாந்தி எடுத்தாள்.

"பாழாப்போச்சு. நீ வேற நாள் வா" என்று கிம் சன்னலிலிருந்து சொன்னாள்.

பரிசோதனை பாழானவளுக்கு எந்தத் தடையும் இல்லை. லெங் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தன் எஃகு வெந்நீர்க் குடுவையை எடுத்தாள்.

"ஏண்டி மாட்டுக்காரி, எங்கக்கா கை எப்படி இருக்குன்னு பாத்தியா?"

முதல் அறை கன்னத்தில். இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினாள்.

"அடிப்பியே! இப்ப அடிடி! எங்க போச்சு வீரம்?"

சுய்ஹியாங் நாற்காலிக் கையை இறுகப் பற்றினாள்.

"ரெண்டாவது ஊசிகூட ஆவல" என்றாள் ரத்தத்தைத் துப்பிவிட்டு. "முடியட்டும். வாசல்ல நில்லு, வரேன்."

"வாசல் வரைக்கும் எதுக்கு?" லெங் குடுவையை ஓங்கி, பற்றியிருந்த அந்த வலது கைமேல் இறக்கினாள். மறுபடியும் ஓங்கினாள்.

"ஐயோ, யாராவது புடிங்களேன்!" என்று ஒருத்தி கத்தினாள்.

"நீ போய்ப் புடியேன்!"

"எனக்கு இன்னும் அரை மணி இருக்குடி!"

அத்தனை பேர் சாட்சி. ஒருத்தியாலும் எழ முடியவில்லை. சுய்ஹியாங் கையை விலக்கவில்லை. விலக்கினால் எழுந்துவிடுவாள், எழுந்தால் கொன்றுவிடுவாள், கொன்றால் கணக்குத் தப்பிவிடும். மூன்றாவது அடியில் அந்தச் சத்தம் கேட்டது. இந்த முறை அவளுடைய எலும்பு.

கிம் ஒருத்தியின் கையில் ஊசியைச் செருகியிருந்ததால் உடனே வர முடியவில்லை. வந்ததும் குடுவையைப் பிடுங்கி, இடது கையால் தங்கையை ஓர் அறை விட்டாள்.

"எனக்காகத்தாங்க்கா..."

"நான் கேட்டனா? வீட்டுக்குப் போடி."

பிறகு சுய்ஹியாங்கிடம் திரும்பினாள். "எந்திரிச்சியா?"

"இல்ல."

"திருப்பி அடிச்சியா?"

"இல்ல."

"நேரம் ஆச்சு. இன்னொரு கைய நீட்டு."

மடங்காத விரல்களுக்கு முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. "இன்னொரு தரம் குத்துங்கக்கா, பரவால்ல" என்றாள் சுய்ஹியாங். கிம் குத்தினாள். ஒடிந்த விரலை அட்டையில் வைத்துக் கட்டியதும் கிம்தான். மூன்றாவது ரத்தம் எடுக்கும்வரை எழுந்து கட்டுப்போடும் அறைக்குப் போகக்கூடாதே.

மத்தியானம் முடிவு வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "வெறும் வயித்து ரத்தத்துலயே எகிறியிருக்கு. இது ஒண்ணே போதும். மத்த ரெண்டும் எப்படியிருந்தாலும் உங்களுக்கு சர்க்கரைதான்" என்றார்.

குடிப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டிருந்தது. அவள் அடி வாங்கி உட்கார்ந்திருந்ததற்கு வைத்தியப்படி எந்தப் பயனும் இல்லை. சுய்ஹியாங் கிழிந்த உதட்டோடு சிரித்தாள். டாக்டர் அவளைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்.

"இனிப்பே தொடறதில்லைங்க. வெறும் கஞ்சிதான்."

"நல்லாக் குழைஞ்ச வெள்ளைக் கஞ்சியா? அதவிட வேகமா ரத்தத்துல ஏறுற சாப்பாடு ஏதும்மா? கறி தின்னுங்க, கீரை தின்னுங்க. கஞ்சிய விடுங்க."

சுய்ஹியாங் வாசலில் லெங்கைத் தேடவில்லை. லெங் அங்கே நிற்கவும் இல்லை. வீட்டில் மாமியார் கஞ்சிப் பானையோடு காத்திருந்தாள்.

"முகம் என்னடி இப்படி? மொதல்ல ரெண்டு கிண்ணம் குடி."

"இனிமே கஞ்சி கிடையாது அத்தை."

"டாக்டர் ஆயிரம் சொல்வான். இது வெறும் தண்ணிடி!"

சுய்ஹியாங் இடது கையால் பானையைப் பிடித்தாள். மாமியார் அவள் மணிக்கட்டைக் கடித்தாள். கர்ப்பிணியும் கிழவியும் பானையோடு சுவரில் மோதிக்கொண்டிருந்தபோது பூங்கெங் கடையிலிருந்து தடியும் கையுமாக வந்தான். மனைவியின் முகத்தையும் விரலையும் பார்த்தான். யாரையும் எதுவும் கேட்காமல் பானையை வாங்கித் தரையில் வைத்தான். பிறகு தடியை ஓங்கினான். மாட்டுக்கறியைத் தவிர அவன் வாழ்க்கையில் அடித்தது அந்தப் பானை ஒன்றைத்தான். கஞ்சி சாமி மாடம்வரை தெறித்தது.

மாமியார் துக்க வீடுபோல ஒப்பாரி வைத்தாள். கஞ்சி மட்டும் வரவில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. தலைக்குப் பின்னால் தோளும் தயங்காமல் வந்தது. சர்க்கரைத் தாயின் பிள்ளைக்குக் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று கிம் ஊசியோடு வார்டுக்கு வந்தாள். குத்தினாள். பிள்ளை வீறிட்டு அவள் கையை உதைத்தது.

கிம் போகவில்லை. இடது கையின் விரலைப் பிள்ளையின் காறையெலும்பின்மேல் வைத்து, ஒரு பக்கம், மறுபக்கம் என்று மெல்ல அழுத்தித் தடவினாள். சுய்ஹியாங் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக் கிடந்தாள். பிள்ளையின் அழுகையைத் தவிர வேறு சத்தம் இல்லை.