தெரிந்த குரல் என்றால் மட்டும்

மருந்துக்கடையில் அவள் வாயைத் திறந்தால் சிலருக்கு முகம் வெளிறிவிடுகிறது. "இது சாப்பாட்டுக்கு அப்புறம், இது வெறும் வயித்துல" என்றுதான் சொல்லியிருப்பாள். மீதிச் சில்லறைக்கு நீட்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டு, "உங்களை எங்கயோ பாத்திருக்கேனே" என்று இழுப்பார் எதிரே நிற்கிறவர். பார்த்திருக்க மாட்டார், கேட்டிருப்பார். தவணை தவறிய வீடுகளில் பொழுது விடிந்ததும் போனில் வந்து, "வணக்கம்" என்று குழைகிற குரல் அவளுடையதுதான். "இல்லண்ணா, பாத்திருக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு, மிச்ச மாத்திரைகளைச் சைகையிலேயே விளக்கிக் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தது முன்பு அவள் வேலை பார்த்த கடன் கம்பெனியின் வசூல் பிரிவில். நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தவணை கட்டாதவர்களைக் கூப்பிட்டு நாசூக்காக உறைக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கூப்பிட்டால் பட்டென்று வைத்துவிடுகிற ஆட்கள்கூட இவள் கூப்பிட்டால் முழுசாகக் கேட்பார்கள். "சம்பளம் எவ்வளவுன்னே தெரியாம செலவு பண்றாங்கடி" என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் அலுத்துக்கொள்வாள். வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லை. அந்த நேரத்தில் அவள் கையில் இருந்த போனுக்கே இன்னும் பாதித் தவணை பாக்கி.

அம்மா வேறு ஊரில் தனியாக இருந்தாள். ஒரு தங்கும் விடுதியில் படுக்கை விரிப்புகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கிழிசல் பார்த்துத் தைக்கிற வேலை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஊசிதான் மகளைப் படிக்க வைத்தது. அம்மாவுக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் செய்தால் இருக்கிற பார்வை நிற்கும், போன பார்வை வராது, தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார். பாதிப் பணம் அம்மா சேர்த்து வைத்திருந்தாள். "மீதிப் பாதி நான் போடறேன்மா. வேலைக்குப் போயிட்டேன்ல, நீ ஏன் கவலைப்படற?" என்று சொன்னது இவள்தான்.

மனசாரத்தான் சொன்னாள். ஆனால் முதல் சம்பளத்தில் போன் வந்தது. பிறகு சோபா வந்தது. மூன்று பெண்கள் சேர்ந்து இருந்த வாடகை அறைக்கு எதற்குச் சோபா என்று கேட்காதீர்கள், அவளைக் கேட்டாலும் தெரியாது. படிக்கட்டில் திரும்பாமல் சோபாவின் கைப்பிடியைக் கழற்றி ஏற்றினார்கள். கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது. அப்புறம் கடன் அட்டை, அப்புறம் அந்த அட்டைக் கடனை அடைக்கக் கம்பெனியிலேயே ஒரு கடன். கையெழுத்துகூட வேண்டாம், போனில் பெருவிரலால் ஒரு தட்டு. ரெண்டாவது தொடர்பு எண் என்று கேட்ட இடத்தில் அம்மாவின் எண்ணைப் போட்டாள்.

அட்டைக்கு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தாள். அடப்பாவமே! அதைக் கட்டினால் அசல் அசையாது, வட்டிதான் குட்டி போடும் என்று ஊராருக்கெல்லாம் நாள் முழுக்க விளக்கியவள் அவள். மாட்டிக்கொள்கிறவர்கள் வேறு, நான் வேறு என்று எப்படித்தான் நினைத்தாளோ. மாசக் கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டு, "அடுத்த மாசம் கண்டிப்பா போட்டுடறேன்மா" என்பாள். "சரி கண்ணு, நீ முதல்ல உன் வயித்தப் பாரு" என்பாள் அம்மா.

அந்தச் சமயத்தில் ஊரெங்கும் போன் மோசடி. அம்மாவின் தோழி ஒருத்தி யாரோ கேட்டார்கள் என்று போனுக்கு வந்த ரகசிய எண்ணைச் சொல்லிப் பணத்தைக் கோட்டை விட்டிருந்தாள். திரையில் வருகிற எழுத்தே அம்மாவுக்கு மங்கல். மகளுக்குப் பதறியது. "இங்க பாரும்மா, தெரியாத குரல்னா உடனே வச்சிடு. பணம்னு வாயத் திறந்தா கேக்கவே கேக்காத. என் குரல்னா மட்டும் பேசு."

"உன் குரல் எனக்குத் தெரியாதாடி?" என்று சிரித்தாள் அம்மா. அன்றிலிருந்து அட்சரம் பிசகாமல் அப்படியே செய்தாள்.

கொஞ்ச நாளில் மேலாளர் இவளைக் கூப்பிட்டார். "ரேடியோ, உன் குரல்ல ஒரு தடவை பேசிக் குடு. இனிமே மெஷினே எல்லாரையும் கூப்பிட்டுக்கும். உங்களுக்கும் வேலை மிச்சம்." சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, கண்ணாடி டம்ளரில் வெந்நீர் குடித்துக் குடித்துப் பேசினாள். "வணக்கம். நீங்கள் தவணை கட்ட வேண்டிய நாள் கடந்துவிட்டது. தயவுசெய்து எங்கள் கிளைக்கு வந்து இன்றே செலுத்துங்கள்." கடைசி வார்த்தையில் லேசாகச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். குரலை எழுதிக் கொடுத்ததற்கு ஒரு தொகை தந்தார்கள். அதை அன்று சாயங்காலமே பிரிவு முழுசையும் கூட்டிக்கொண்டு போய் ஓட்டலில் கரைத்தாள். அம்மாவின் கண் ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. அடுத்த மாசம் என்று அதற்கும் சமாதானம் சொல்லிவிட்டாள்.

வேலை மிச்சமானது உண்மைதான். மெஷின் சம்பளம் கேட்காது, லீவு கேட்காது. வசூல் பிரிவில் முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரேடியோவையும்தான்.

கையிருப்பு என்று ஒரு காசு கிடையாது. தவணை தவறிய மறுநாள் காலையில் போன் அடித்தது. எடுத்தாள். "வணக்கம்" என்றது அவள் குரல். நீங்கள், உங்கள் என்று மரியாதையாகப் பேசி, கடைசியில் லேசாகச் சிரித்தது. கூட இருந்தவள் எட்டிப் பார்த்து, "என்னடி, உன்னையே நீ கூப்பிட்டு மிரட்டிக்கிறியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். இவளும் சிரித்தாள், அன்றைக்கு மட்டும். பிறகு தினமும் வந்தது. பஸ்ஸில் முன் சீட்டில் யாரோ ஸ்பீக்கரில் வைத்துக் கேட்க, தன் குரல் தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவதைக் கேட்டாள். குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள் அது இருந்தது. தனக்குத்தானே எதையாவது முணுமுணுத்தால்கூட அது பேசுகிறதோ என்று உடம்பு சிலிர்த்தது. வேலை தேடிப் போன இடங்களில் வாயைத் திறக்கவே பயந்தாள்.

கடைசியில் அந்த சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு எண் வாங்கினாள். முதல் எண் எடுக்காவிட்டால் மெஷின் ரெண்டாவது எண்ணுக்குத் தாவும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பயப்படவில்லை. அம்மாதான் தெரியாத குரல் என்றால் உடனே வைத்துவிடுவாளே! அது யாருடைய குரல் என்பது மட்டும், அந்த மெஷினுக்கே குரல் கொடுத்தவள் புத்தியில் உறைக்கவில்லை.

வெட்கத்தில் அம்மாவைக் கூப்பிடாமலே இருந்தாள். மருந்துக்கடையில் வேலை கிடைத்த அன்றுதான், உள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று கூப்பிட்டாள்.

"மா, நான்தான்."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும்.

"மா?"

"இன்னிக்காவது எனக்குப் பதில் சொல்லுவியா?" என்றாள் அம்மா.

"என்னம்மா சொல்ற?"

"தினம் கூப்பிடற. வணக்கம்ங்கற. யாரோ மூணாம் மனுஷிகிட்ட பேசற மாதிரி நீங்க, வாங்கன்னு பேசற. கண்ணு, என்னாச்சுன்னு நான் கேட்டா பதில் சொல்லாம உன் பாட்டுக்குப் பேசிட்டு வச்சிடற. திருப்பிக் கூப்பிட்டா உன் போன் ஆஃப்னு வருது. பக்கத்துல யாரோ உன்னை மிரட்டி அப்படிப் பேச வைக்கிறாங்கன்னு நெனச்சேன்டி."

அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "மா, பணம் எதுவும் கட்டலியே?"

"கட்டிட்டேனே. இங்க இருக்கிற உங்க கம்பெனிக் கிளைக்குப் போய், என் பொண்ணு கட்டச் சொன்னான்னு சொன்னேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு என் நம்பரப் போட்டுப் பாத்துட்டு உன் பேரைத்தான் சொல்லுச்சு. இருந்ததெல்லாம் குடுத்துட்டேன்."

"எந்தப் பணம்மா?"

"எங்கிட்ட வேற எந்தப் பணம் இருக்கு?" என்றாள் அம்மா. "ஆனா நீ இன்னும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கியே கண்ணு. அது பத்தலையா?"

பத்தவில்லை. அம்மாவின் கண் வட்டிக்கும் அபராதத்துக்கும் போயிருந்தது.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். போன், சோபா, அட்டை, பஞ்சு ஒட்டிய அறை, ஒன்று விடாமல். அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாவோ, "அப்ப அது நீ இல்லையா?" என்றாள்.

"இல்லம்மா. மெஷின்."

"நீ கேக்கறேன்னு நெனச்சு எவ்வளவு பேசினேன் அதுகிட்ட. ஊசி கோக்க முடியலடி, ஓரமெல்லாம் இருட்டா வருதுன்னு, உங்கிட்ட இதுவரைக்கும் சொல்லாததெல்லாம் அதுகிட்டதான் சொன்னேன்."

அந்த வாக்கியம் இன்றைக்கும் அவளை விடவில்லை. கம்பெனிக்கு ஓடிப்போய், தன் குரலை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். "எழுதிக் குடுத்தாச்சேம்மா. அது இப்ப கம்பெனிக் குரல்" என்றார் மேலாளர். சோபாவை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். அதன் கைப்பிடியைத் திரும்பவும் கழற்ற வேண்டியிருந்தது. அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். சம்பளம் வந்தால் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அம்மாவின் கண்ணுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். இதையே முதல் சம்பளத்தில் செய்திருந்தால், என்று கேட்க ஆள் தேவையில்லை. அவளே தினம் கேட்டுக்கொள்கிறாள்.

ஆபரேஷனுக்குப் பணம் சேர்ந்தபோது இடது கண் போய்விட்டிருந்தது. வலது கண்ணில் நடுவில் கொஞ்சம் நின்றது. கிழிசலை அதனால் பார்க்க முடியாது. அம்மா வேலையை விட்டுவிட்டு மகளோடு வந்துவிட்டாள். வேண்டியவர் வேண்டாதவர் எல்லோரையும் அவள் இப்போது குரலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறாள்.

கடனெல்லாம் அடைத்தாகிவிட்டது. மெஷின் இந்த வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை, வேறு வீடுகளுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்ததும் ரேடியோ வீட்டுக்குப் போன் செய்வாள். வணக்கம் என்ற வார்த்தையை அவள் விட்டு வெகுகாலமாகிறது.

"மா, நான்தான். சாப்பிட்டியா?"

அம்மா எடுத்திருப்பாள். மூச்சு கேட்கும், பேச்சு வராது. அவளும் அவசரப்படாமல் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள். கொஞ்சம் கழித்து அம்மா மெல்லக் கேட்பாள்.

"நான் பேசினா பதில் சொல்லுவியா?"

"சொல்லுவேன்மா."

அதற்கு அப்புறம்தான் அம்மா பேச ஆரம்பிப்பாள்.