செல்வின் அண்ணன் யாரையும் பிளாக் செய்ததில்லை

செல்வின் அண்ணன் இறந்துவிட்டார்.

நேற்றுக் காலை வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதை நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடக்கம் நான்கு மணிக்கு, மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய ஊரில். பஸ் பாலராமபுரத்தில் நின்றது நின்றதுதான். முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி.

என் ஃபிரெண்ட் லிஸ்டில் இருக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்காக ஒரு ஃபேஸ்புக் குழு நடத்துகிறோம்... நடத்தினோம். அவரும் நானும்தான் அட்மின்.

தம்பானூரில் ஒரு ஓட்டலில் அவர் ஸ்டோர் கீப்பர். நான் ஒரு லேபில் பில் போடுகிறவள்.

வாடகை வீடு, கேஸ் கனெக்‌ஷன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று குழுவில் யாராவது கேட்பார்கள். பதிலுக்கு முன்னால் கேலி வந்து நிற்கும். "இதுகூடத் தெரியாதா", "கூகுள் செத்துப்போச்சா"... கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள்.

எனக்குத் தெரிந்த ஒரே மருந்து பிளாக். அண்ணன் விடமாட்டார்.

ஒரு தடவை முருகேசன் என்பவர் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு பஸ் போர்டைப் படம் எடுத்துப் போட்டார். கம்பி கட்டும் வேலைக்கு ஊரிலிருந்து புதிதாக வந்தவர். போர்டில் எல்லாம் மலையாள எழுத்து. "இது விழிஞ்ஞம் போகுமா?"

திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்த கரமனை அனந்து சார் உடனே கமென்ட் போட்டார். "தாராளமா ஏறிக்கோங்கோ. கல்லார்ல ஜம்முனு குளிச்சுட்டு வரலாம்."

போர்டில் இருந்தது பொன்முடி. விழிஞ்ஞம் இருப்பது கடல் பக்கம். கல்லார் பொன்முடி மலையடிவாரத்தில், நேர் எதிர்த்திசை. உள்ளூர்க்காரர்களுக்கு அது கேலி என்று தெரியும். முருகேசனுக்கு அது யாரோ பெரிய மனிதர் மரியாதையாகச் சொன்ன பதில்... ஏறிவிட்டார்.

"நெடுமங்காடு தாண்டியாச்சு, இன்னும் கடலைக் காணோமே" என்று அவர் அடுத்த கமென்ட் போட்டார். குழுவே உருண்டு புரண்டு சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அனந்து சாரைக் குழுவிலிருந்து தூக்கப்போகிறேன் என்று அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் ஊர்ப் பேச்சில் நான் ஒருத்தியே 'மக்களே'.

"பொறு மக்களே. அவருக்கு வழி தெரியும், அதான் கேலி பண்ணுதாரு. அவரையும் தூக்கிட்டா அந்த மனுசனுக்கு யாரு வழி சொல்லுவா?"

அனந்து சாரை அவர் திட்டவே இல்லை. முருகேசனின் நம்பரைக் கொடுத்தார். "சார், ஆளு மலைப்பக்கம் போயிட்டிருக்காரு. பதில் சொன்னது நீங்கதானே, நீங்களே திருப்பிக் கொண்டாந்து சேத்துருங்க."

பாவம், ஆபீஸ் மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்து, போனிலேயே கண்டக்டரிடம் மலையாளத்தில் கெஞ்சி, முருகேசன் விழிஞ்ஞத்தில் கால் வைக்கும்வரை சார் போனைக் கீழே வைக்கவில்லையாம்.

அதோடு விட்டாரா அண்ணன்? பஸ் போர்டு, மருந்து அட்டை, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ்... மலையாளத்தில் எது வந்தாலும் அனந்து சாரை டேக் செய்தார். "எனக்கு வேற ஜோலி இல்லையா ஓய்?" என்று சார் கத்துவார். கத்திவிட்டு வாசித்துச் சொல்வார்.

உடனே அண்ணனை மகான் ஆக்கிவிடாதீர்கள். அழுத்தக்காரர். ஒரு வருஷமாக நான் அட்மின் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று சொல்கிறேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும், லேபில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போதும் நோட்டிஃபிகேஷன். யாரோ யாரையோ மட்டம் தட்டிக்கொண்டிருப்பார்கள், நடுவில் நான். மூச்சு முட்டுகிறது. நிஜமாகவே முட்டுகிறது.

போன ஞாயிறு கறாராகச் சொல்லிவிட்டேன். "சரி பிள்ளே, அடுத்த ஞாயிறு பேசி முடிவு பண்ணுவோம்" என்றார். இன்று சனிக்கிழமை.

குழுவில் அவருடைய மரணச் செய்தியைப் போட்டது நான்தான். கீழே ஒருவர் கேட்டிருந்தார், அடக்கத்துக்கு வர எந்த பஸ் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று. அதற்கு இன்னொருவர், "மார்த்தாண்டம் எங்க இருக்குன்னு தெரியாதவன்லாம் எதுக்குக் குழுவுல இருக்கான்?" சிரிக்கிற பொம்மையோடு. சாவுச் செய்திக்குக் கீழே!

பிளாக்கில் விரலை வைத்துவிட்டேன்.

பக்கத்து சீட்டில் அனந்து சார். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கிளம்பினோம். எட்டிப் பார்த்தார். "வேண்டாம், கேட்டேளா. அவனுக்கு மார்த்தாண்டம் தெரியறதே. அவனையே சொல்லச் சொல்லுங்கோ."

எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. டேக் செய்தேன். "நீங்களே அவருக்கு வழி சொல்லிவிடுங்கள்."

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. பஸ், இறங்க வேண்டிய ஸ்டாப் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், "நான் ஸ்டாப்புல நிக்கேன், வாங்க." பொம்மை இல்லை.

அந்தச் சூட்டோடு சாரிடம் கேட்டேன், நீங்கள் அட்மின் ஆகிறீர்களா என்று. "ஐயோ, என்னை விட்டுடுங்கோ" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதற்கு முன் நான் கேட்ட எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். சார் இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

குழுவின் செட்டிங்ஸில் அட்மின் வேலையிலிருந்து விலகும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அட்மின்கள் இரண்டு பேர் என்று இன்னும் காட்டுகிறது. ஒன்று அண்ணன், ஒன்று நான். நான் வெளியேறினால் குழுவை நடத்த அவர் மட்டும்தான் மிச்சம்.

விலகாமல் அப்படியே மூடிவிட்டேன்.

போய் வாருங்கள் அண்ணே. நான் இங்கேதான் இருக்கிறேன்... வேறு எங்கே போக?