கற்பூரம் காட்டிய சூளை

மதுரையிலிருந்து வரும் குப்பை லாரியை நாங்கள் விருந்தாளியைப் போல எதிர்பார்ப்போம். இப்போது பெரிய சிமெண்ட் ஆலைகளில் நகரத்துக் குப்பையை எரிக்கிறார்களாம். புதுசு என்று டீக்கடையில் ஒருவர் பேப்பரைப் பார்த்து வாசித்தார். எங்களுக்கு அது எழுபதுகளிலேயே அன்றாட வேலை. எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், ஒத்தக்கடையைத் தாண்டி இருந்த ஒரு சுண்ணாம்புச் சூளையில் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தேன். விறகுக்குத் தட்டுப்பாடு. சூளையை நடத்திய அக்கா குப்பையில்தான் கல்லை வேகவைத்தார். கொட்டாங்கச்சி, தையல்கடைத் துணி, கரும்புச் சக்கை, பந்தி நடந்த வீட்டு எச்சில் இலை என்று எல்லாம் வரும். ஈரத்தை வெயிலில் காயவைத்து, கல் ஒரு வரிசை, குப்பை ஒரு வரிசையாக அடுக்குவோம். எத்தனை கழுவினாலும் கை நாறும். அக்காவும் எங்களோடு உட்கார்ந்து அதே நாற்றத்தோடுதான் சாப்பிட்டார்.

சூளைக்குக் கற்பூரம் காட்டிவிட்டால் ஒரு கல்லைக்கூடத் திரும்ப எடுக்கக் கூடாது. எடுத்தால் கல் வேகாது என்பது அங்கே நம்பிக்கை. ஒரு காலையில் கற்பூரம் காட்டி, அக்கா பந்தத்தோடு நின்றபோது, மிஷன் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மகனோடு ஓடி வந்தார். அவர் பேசினால் காற்றுதான் வந்தது. மகன் சொன்னார்: போன வாரம் தங்கையின் நிச்சயதார்த்தப் பந்தியில் எலும்பு சிக்கியதால் அப்பா பல்செட்டைக் கழற்றி இலையோரம் வைத்தார், பிறகு அதோடு சேர்த்தே இலையை மடித்துவிட்டார். குப்பை இங்கே வந்ததை லாரிக்காரர் இன்றுதான் சொன்னார். நாளை சர்ச்சில் கல்யாணம். மகளுக்காக ஜெபம் சொல்ல வேண்டியவர் அவர்.

"பத்த வைங்கக்கா. வாத்தியார் பல்லும் வெந்தா ஒரு பிடி சுண்ணாம்பு கூடக் கிடைக்கும்" என்றான் ஒருவன். வாத்தியாரும் சிரிக்கப் பார்த்து, சட்டென்று துண்டால் வாயை மூடிக்கொண்டார். அக்கா பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தார்.

"பிரிங்கடா."

"கற்பூரம் காட்டியாச்சுக்கா. கல்லு வேகாது."

"வேகலைன்னா என்னையச் சொல்லு."

மேல் வரிசைகளைப் பிரித்து, காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாக விரித்தோம். மத்தியானம் பல்செட் அக்காவின் கைக்கே அகப்பட்டது. குடத்துத் தண்ணீரில் கழுவிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சார், பயலுக பயப்படுறாய்ங்க. உங்க சாமிகிட்ட இந்தச் சூளைக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

வாத்தியார் பல்லை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி ஜெபித்தார். கல் வேக வேண்டும் என்று ஒருவர் மன்றாடியதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

சூளை ஆறித் திறக்கும் நாளில், ஆட்கள் வருவதற்கு முன்பே அக்கா வந்துவிட்டார். அங்கேயே தங்கியிருந்ததால் நான் பார்த்தேன். வெந்த கல்லுக்கு நடுவே வேகாத கல்லும் கிடந்தது, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே. அதைக் கூடை கூடையாக அள்ளிப் போய்ப் பள்ளத்தில் தள்ளினார். என்னைக் கண்டதும் நின்றார்.

"பயலுககிட்ட மூச்சு விடாத. வாத்தியார் வந்து கேட்டாலும் அம்புட்டும் வெந்துருச்சுன்னு சொல்லணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்து வாத்தியார் கேட்டார், வாயை மூடாமல் சிரித்தபடி.

"அம்புட்டும் சார்" என்றேன்.