கையில் நின்றுபோன அதிர்வு

சிறுநீரகம் செயலிழந்த என் கணவர் பதுளைக்குப் போய் டயலிசிஸ் செய்துகொள்கிறார். ஊசி ஏற்றுவதற்காக அவருடைய இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைத் தொட்டால் இரத்தம் ஓடும் அதிர்வு எப்போதும் தெரியும்.

கொரோனா ஊரடங்கின்போது தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு நிவாரண அரிசி வந்தது. நான் கொழுந்து பறிக்கப் போயிருந்தேன். அவரே அரிசியை வாங்கி, பையை அந்தக் கையிலேயே மாட்டிக்கொண்டு மேடேறி வந்திருக்கிறார். மறுநாள் காலை கை வலிக்கிறது என்றார். தொட்டுப் பார்த்தேன். அதிர்வே இல்லை.

"நாளன்னைக்கு டயலிசிஸ்தானே, அப்ப காட்டிக்கலாம். இப்ப போனா கொரோனா ஒட்டிக்கும்" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் டயலிசிஸ் பிரிவுக்குப் போன் செய்தேன்.

"அது வரைக்கும் வச்சிருக்காதீங்க அக்கா. இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார் நர்ஸ்.

தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் பொலிஸில் அனுமதி வாங்கி எங்களைக் கூட்டிப்போனார். குழாயை அடைத்திருந்த இரத்தக் கட்டியை டாக்டர் அன்றே எடுத்தார். இன்னும் தாமதித்திருந்தால் அந்த இணைப்பையே இழந்திருப்போம் என்றார். வெளியே வந்த கணவர் என் விரலைப் பிடித்துத் தன் கையில் வைத்து, "பாரு, ஓடுது" என்றார். அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் அவர் கையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்புகிறேன். அதிர்வு குறைந்த மாதிரி தெரிந்தாலே போன் செய்துவிடுவேன். டயலிசிஸ் நாளுக்காகக் காத்திருக்க மாட்டேன்.

- ஒரு வாசகி, லுணுகலை